ஜெகதீஸ்வரி கட்டிக் கொடுத்த பை

"அதுக்குள்ளே நண்டுக் கறிதானே, நாகா?" என்று மனேஜர் நிக்கலஸ் நாலாவது தடவையாகக் கேட்டார். நாகேந்திரம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வேர்களில் கால் இடறாமல் நடந்தார்.

காலி நகருக்கு அப்பால் மலைக்காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தால், மறுபக்கத்தில் அருமையான கடற்கரை ஒன்று வரும் என்று நிக்கலஸ் கந்தோரில் வேலைக்கிடையே ஒரு மாதமாக ஆசை காட்டியிருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பின்னாலேயே கடலை வைத்துக்கொண்டு, இன்னொரு கடலைப் பார்க்க எழுபது மைல் போகும் புத்திசாலித்தனம் நாகேந்திரத்தின் மனைவி ஜெகதீஸ்வரிக்குப் பிடிபடவில்லை.

அது 2007ஆம் ஆண்டு. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருந்தாலே பொலிஸ் ஜீப்பில் ஏற்றுகிற யுத்த காலம்.

"உங்களைப் பிடிச்சுக்கொண்டு போனா நான் எந்தப் பொலிசிலை போய்த் தேடுறது?" என்று கணவனிடம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே இந்தப் பையைக் கட்டிக் கொடுத்தாள். "என்ன நடந்தாலும் இதைக் கையாலை விடாதேங்கோ."

வான் வண்டி புறப்படும்போது நிக்கலஸ் அவளுக்குத் தைரியம் சொன்னார். அவர் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். மூன்று மொழியிலும் அதட்டத் தெரிந்தவர்.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன். என்னோட வர்ற ஆளை எவன் தொடுவான்?"

காட்டு வழி தொடங்கும் இடத்தில் இறங்கியதும் அவர் உத்தரவு போட்டார். "பர்ஸ், ஃபோன் எல்லாம் வான்லயே வைங்க. கடல்ல நனைஞ்சா என்கிட்ட வந்து அழக்கூடாது."

அவரும், கந்தோர்த் தோழர் ஸமீமும், மற்ற மூன்று பேரும் அப்படியே வைத்தார்கள். வான் சோற்றுப் பார்சல் வாங்கக் காலிக்குப் போனது.

நாகேந்திரம் மட்டும் பையைக் கொடுக்கவில்லை. "நண்டைப் பிரிய மனசில்லை" என்றார் ஸமீம். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நாகேந்திரமும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

மரங்களுக்கிடையில் நீலம் தெரிந்தது. அதற்கு முன்னால் துவக்குக் குழல் தெரிந்தது. இரண்டு நேவிக்காரர்கள் வழியை மறித்து, அடையாள அட்டைகளைக் காட்டும்படி சிங்களத்தில் சொன்னார்கள்.

நிக்கலஸ் முன்னால் போனார். முதலில் சிங்களத்தில் சிநேகமாகவும், பிறகு இங்கிலீஷில் மனேஜராகவும், கடைசியில் மறுபடி சிங்களத்தில் கெஞ்சலாகவும் பேசினார். 'அட்டை வானில் இருக்கிறது' என்பது எந்த மொழியிலும் எடுபடவில்லை. கட்டைக் காற்சட்டை போட்ட ஐந்து பெரிய மனிதர்களும் வரிசையாக மணலில் குந்த வைக்கப்பட்டார்கள்.

மனேஜருக்கே இந்தக் கதி என்றால் தன்னை இனி ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தபடி, நாகேந்திரம் பையைத் திறந்தார்.

நண்டு வரவில்லை. அடையாள அட்டை வந்தது. பொலிஸ் பதிவு, கிராம சேவகர் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம், கந்தோர்க் கடிதம், பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு போட்டோக்கொப்பி வேறு. பதினொரு வருடம் கொழும்பில் இருந்து அவர் தேடிய சொத்து அவ்வளவுதான்.

மூத்த நேவிக்காரர் எல்லாவற்றையும் ஆறுதலாக, ஒவ்வொன்றாகப் புரட்டினார். இவ்வளவு ஒழுங்கான மனிதனை அவர் தன் சேவைக் காலத்தில் கண்டிருக்கமாட்டார். பிறகு தன் பதிவுக் கொப்பியை நீட்டி, வான் வரும்வரை இந்த ஐந்து பேருக்கும் பொறுப்பாகக் கையெழுத்துப் போட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். மணலில் இருந்து நிக்கலஸ் கழுத்தை நீட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகேந்திரம் பேனையைத் திறந்தார்.

"பயப்படாதேங்கோ சேர், நான் இருக்கிறன்."