கரியப்பன் வெட்டிய பள்ளம்

ஆள் படுக்கிற நீளத்துக்குப் பள்ளம் வந்ததும் கரியப்பன் மம்முட்டியை நிறுத்தி, உள்ளே இறங்கி நின்று பார்த்தார். முழங்காலுக்கு மேலே ஆழம். மனசு நிறைந்தது.

கூழ்ச் சட்டியோடு வந்த அவர் மனைவி நாராயணம்மா எட்டிப் பார்த்தாள். "யாரைய்யா பொதைக்கப் போற?"

"சைக்கிளை."

ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற கரட்டின் உச்சியிலிருந்து கரியப்பனின் தக்காளித் தோட்டம் வரை ஒரு தடம் இறங்குகிறது. பட்டா அவர் பேரில். ஓசூர் கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் புதிதாக சைக்கிள் கிளப் என்று ஒன்றைத் தொடங்கி, தடி டயரும் கியரும் வைத்த சைக்கிள்களை டெம்போவில் ஏற்றிவந்து, ஞாயிறு தவறாமல் அந்தத் தடத்தில்தான் ஓட்டினார்கள். நல்ல தார் ரோடு கீழே இருக்க, சைக்கிளை ஏன் கரட்டில் ஓட்டவேண்டும் என்பது ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

கரியப்பனுக்கு சைக்கிள் மேல் கோபமில்லை. பயம் நிலத்தைப் பற்றி. அடுத்த தோட்டத்துக் கங்கப்பன், நாலு பேர் நடந்துவிட்டுப் போகட்டுமே என்று ஓர் ஒற்றையடிப் பாதையைச் சும்மா விட்டுவைத்தார். இன்றைக்கு அதில் டவுன் பஸ் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு வாத்தியார் ரத்தினவேல் டெம்போவிலிருந்து இறங்கி, தடத்தின் குறுக்கே கிடந்த பள்ளத்தைப் பார்த்தார். கரியப்பன் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என் நெலம், என் பள்ளம். எவனாச்சும் வாயத் தொறந்தா மம்முட்டிதான் பேசும்."

ரத்தினவேல் குனிந்து பள்ளத்தின் கரையைத் தட்டிப் பார்த்தார். "நீங்களே வெட்டுனதாங்கய்யா? ஓரம் நல்லா சீவியிருக்கீங்க."

நக்கல்! கரியப்பனுக்குத் தலைக்கு ஏறியது. "பல்லை ஒடச்சிருவேன் வாத்தியாரே. எல்லாத்தையும் ஏத்திக்கினு ஊர் போய்ச் சேரு."

அதற்குள் முனிராஜ் என்கிற ஒல்லிப் பையன் உச்சியிலிருந்து கிளம்பிவிட்டான். சைக்கிளும் அவனும் கொஞ்ச நேரம் ஆகாயத்தில் இருந்தார்கள். அப்புறம் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். அடுத்து வந்தவன் பள்ளத்துக்குள் இருந்தான். எழுந்து, டவுசரைத் தட்டிக்கொண்டு, சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டு மறுபடி மேலே ஏறினான்.

"இதுங்களுக்கெல்லாம் அப்பன் ஆத்தா இல்லியா?" என்று கத்தினார் கரியப்பன்.

அவரும் சளைக்கிற ஆள் இல்லை. அடுத்த வாரம் குவாரியில் கழித்துப்போட்ட கல்லை வண்டி கட்டிக் கொண்டுவந்து தடம் நெடுக உருட்டிவிட்டார். அதற்கடுத்த வாரம் மோட்டார் தண்ணீரைத் திருப்பி, வளைவைச் சேறாக்கினார். ஒரு பனைமரத் துண்டைக் குறுக்கே கிடத்தினார். ஒரு டெம்போவில் வந்துகொண்டிருந்தவர்கள் இரண்டு டெம்போவில் வந்தார்கள். கிருஷ்ணகிரிப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"தாத்தா, அடுத்த வாரம் என்னா போடப் போறீங்க?" என்றான் முனிராஜ், மூஞ்சியெல்லாம் சேறோடு.

கரியப்பன் மண்ணாங்கட்டியை எடுத்து வீசினார். குறி தவறி டெம்போ டிரைவர் மேல் விழுந்தது. அவனோடு ஒரு தனிச் சண்டை நடந்தது.

சண்டையை விலக்கிவிட்டு ரத்தினவேல் சொன்னார்: "ஐயா, வர்ற ஞாயித்துக்கெழமை பெங்களூர்லேர்ந்து சைக்கிள் ரேசு நடத்துற ஆபீசர் வர்றாரு. எடம் புடிச்சிருந்தா, வருசா வருசம் எல்லா ஸ்கூலுக்கும் ரேசு இங்கதான்."

கரியப்பன் கண்ணுக்கு முன்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்தவர் குதித்தார். "கெணறு மாதிரி வெட்டறேன் பாரு. அந்த ஆபீசரே உள்ள வுழட்டும்."

"வெட்டு, வெட்டு" என்றாள் நாராயணம்மா. "ஆபீசர் கண்ணெதிர ஒரு புள்ள கைகால ஒடச்சிக்கினா கேசு யாரு மேல? ஜெயில்ல குந்திக்கினு தக்காளி என்ன வெலன்னு வர்றவன் போறவன கேளு."

கரியப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. நிலம் போனால் போகிறது, விலங்கு போட்டுக்கொண்டு ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியாது.

சனிக்கிழமை காலையில் மறுபடி மம்முட்டியை எடுத்தார். ஒவ்வொரு கூடை மண்ணுக்கும் வாத்தியாரின் பரம்பரையை ஒரு தடவை திட்டியபடி பள்ளத்தை மூடினார். கல்லையும் பனந்துண்டையும் வரப்போரம் தள்ளி, சேற்றில் மொரம்பு மண்ணைக் கொட்டி இறுக்கினார். கடைசியாக மாட்டைப் பூட்டி, அது ஏறின வரைக்கும் பலகையால் பரம்படித்துச் சமமாக்கிவிட்டார். தடம் களத்துமேடு மாதிரி ஆனது.

ஞாயிறு ஜீப் வந்தது. ஆபீசரும் ரத்தினவேலும் இறங்க, முதல் தடவையாகக் கரியப்பன் கையைக் கூப்பினார்.

"ஒரு புள்ள வுழாதுங்க சார். நானே நின்னு பரம்படிச்சேன்."

ரத்தினவேல் தடத்தைப் பார்த்தார். இத்தனை வாரமும் திட்டு வாங்கிச் சிரித்த மனிதர், கரடு எதிரொலிக்கக் கத்தினார்.

"யோவ்! யாரைக் கேட்டுய்யா மூடுன?"

முனிராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ஆபீசர் பூட்ஸ் காலால் தரையை ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"இதுல மாட்டு வண்டிதான் ஓட்டலாம் மாஸ்டர். வேற மலையைக் காட்டுங்க."