முட்டுக்கு அடியில் பலகை

இரைச்சலுக்கு நடுவே கீழிருந்து மேஸ்திரி இரண்டு கைகளையும் ஆட்டுகிறார். தளத்தின் மேல் நிற்கும் பொறியாளர், இந்த வேலைக்கெல்லாம் பொறுப்பானவள், கலவை இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறாள். சத்தம் அடங்கியதும், தளத்தைத் தாங்கும் முட்டுக்கழி ஒன்று முனகுவது எல்லோர் காதிலும் விழுகிறது. ஈர மண்ணில் அது மெல்லப் புதைகிறது. பாதி கொட்டிய கான்கிரீட் வெயிலில் பளபளக்கிறது. ஒப்பந்தக்காரர் கீழே தச்சர் மீது பாய்கிறார். "அடியில பலகை வைக்காம முட்டுக் கொடுக்க எந்த மடையன் சொன்னான்?" தச்சர் ஒரே ஒருமுறை மேலே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். பொறியாளர் தளத்தின் விளிம்புக்கு வருகிறாள். "நான்தான் சொன்னேன், நேத்து அவசரத்துல," என்கிறாள். "திட்டுறதை அப்புறம் திட்டுங்க. இப்ப கீழ யாரும் நிக்காதீங்க. மேல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா இறங்குங்க, ஓடக் கூடாது." சட்டி சுமக்கும் பெண் தயங்குகிறாள். "அப்ப நீங்க?" "நீ முதல்ல இறங்கும்மா." ஏணியின் மேல்முனையைப் பொறியாளர் இறுகப் பிடித்துக்கொள்கிறாள். ஒவ்வொரு காலடிக்கும் கீழே கழி மறுபடி முனகுகிறது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கடைசி ஆளின் கால் மண்ணைத் தொட்ட பிறகுதான் அவள் ஏணியில் கால் வைக்கிறாள்.