என் பேரு கெட்டுடும்

“நாலு லட்சம் பேரா?” என்று கேட்டுவிட்டு சிங்காரவேலு போனைத் தன் மனைவி பக்கம் நீட்டினார். “பெரம்பலூர் டவுன் மொத்தமும் சேத்தாகூட அவ்வளவு தேறாது.”

அம்சவள்ளி போனைப் பார்க்கவில்லை. தங்கள் புடவைக்கடையில் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பானுப்ரியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்டாகிராமில் பார்த்த பெண்தானா என்று அவளுக்குச் சந்தேகம். கழுத்து மூடிய சுடிதார், ஒற்றைப் பின்னல், காலடியில் ரிங் லைட் வைத்த பை.

“ஜெயங்கொண்டத்துல எந்தப் பக்கம்மா?”

“பக்கத்துல கிராமம்க்கா. இப்ப திருச்சியில இருக்கேன்.”

“காசு கட்டுனவங்களுக்கு மட்டும் வேற வீடியோவாமே?”

“அம்சா,” என்றார் சிங்காரவேலு.

“கேட்டாதானே தெரியும்.”

பானுப்ரியா சிரித்தாள். “கேக்கட்டும்ணே. ஆமாக்கா. இன்ஸ்டாவுல போடறது சும்மா வாசல் மாதிரி. புடவை கட்டுறது, பூ வைக்கிறது, பாட்டுக்கு வாயசைக்கிறது. அதுக்கு மேல பாக்கணும்னு நெனைக்கிறவங்க வேற ஆப்புல மாசாமாசம் காசு கட்டுவாங்க.”

“மேலன்னா?”

“துணி கம்மியா இருக்கும்.”

“மூஞ்சி தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“வூட்டுல?”

“அம்மா பேசறதில்ல.”

அம்சவள்ளி அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

“அதெல்லாம் அவங்கவங்க பொழப்பு,” என்றார் சிங்காரவேலு. “பைபாஸ்ல ஏசி போட்டு பெரிய கடை வந்ததிலேர்ந்து இங்க ஈ ஓட்டிக்கிட்டிருக்கோம்மா. தீபாவளியும் இப்படியே போனா ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான். எனக்கு ஆள் வந்தா போதும்.”

“நான்தாண்ணே உங்களுக்கு நன்றி சொல்லணும். எனக்கு வர்ற விளம்பரமெல்லாம் ரம்மி ஆப்பு, உடம்பு எளைக்கிற பவுடரு. புடவைக்கடையிலேர்ந்து கூப்பிட்டது நீங்கதான் மொதல்ல.” கொஞ்சம் தயங்கினாள். “எங்கம்மாவுக்கு அனுப்புற மாதிரி ஒரு வீடியோ.”

அம்சவள்ளி மாம்பழ நிறப் புடவை ஒன்றைப் பிரித்துப் போட்டாள். அரக்கு பார்டர். பானுப்ரியா அதைத் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். திரும்பி நின்று இன்னொரு தடவை பார்த்தாள்.

“இதைக் கட்டிக்கிட்டு வீடியோ எடுத்து, உங்க கடை பேஜை டேக் பண்ணிடுவேன். என் ஆளுங்க அதை அமுக்கினா நேரா உங்க பேஜுக்கு வந்துடுவாங்க.”

“நாலு லட்சமும்?”

“பாதியாவது எட்டிப் பாக்கும். எங்க, உங்க பேஜைக் காட்டுங்க.”

பேஜ் அம்சவள்ளியின் பொறுப்பு. எல்லாப் படத்திலும் அவளே புதுப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாள். எல்லாப் படத்தின் கீழும் போன் நம்பர். யாரோ ஒருவர் ‘சூப்பர்’ என்று எழுதியிருந்தார். ‘நன்றிண்ணா, அண்ணியையும் கூட்டிட்டு வாங்க’ என்று பதில் போட்டிருந்தாள்.

பானுப்ரியா சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனாள்.

“நம்பர் யாருதுக்கா?”

“என்னுதுதான். யாரு, எந்நேரம் கூப்பிட்டாலும் எடுத்துடுவேன்.”

“கடைக்குன்னு தனி நம்பர் வெச்சுக்கிட்டு, புடவைய பொம்மையில போட்டு எடுக்கலாமே?”

“பொம்மையைப் பாத்துட்டு எவன் வருவான்?” என்றார் சிங்காரவேலு. “இவ மூஞ்சிக்குத்தான் ஏதோ நாலு பேராவது வர்றாங்க.”

“ஆமா, இருவது வருஷம் கழிச்சு இப்பதான் தெரிஞ்சுது,” என்றாள் அம்சவள்ளி.

“என் ஆளுங்க எல்லாரும் துணி எடுக்கறவங்க இல்லண்ணே.”

“பாக்க வரட்டும்மா. வந்தவன் ஒண்ணு எடுக்காமலா போயிடுவான்? நீ டேக் பண்ண மறந்தாலும், உன் பேரைப் போட்டு நானே ஒண்ணு விட்டுருவேன் பாரு.”

பானுப்ரியா போனைத் திருப்பிக் கொடுத்தாள். புடவையின் பார்டரை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு அதைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து மேஜையில் வைத்தாள்.

“சரிவராதுண்ணே.”

“ஏம்மா? காசு பத்தலையா?”

“துணி சுமாரு. இதைக் கட்டிக்கிட்டு வந்தா என் பேரு கெட்டுடும்.”

சிங்காரவேலு மேஜைமேலிருந்த புடவையைப் பார்த்தார்.

“எந்தப் பேரும்மா?” என்று மெதுவாகக் கேட்டாள் அம்சவள்ளி.

பானுப்ரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

“அவுத்துப் போட்டு சம்பாதிக்கிறவளுக்கு நம்ம புடவை சுமாராம்,” அவள் காதில் விழட்டும் என்றே சொன்னாள் அம்சவள்ளி. “பேரு கெட்டுடுமாம்.”

“விடு. கூப்பிட்டது என் தப்பு.”

திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பானுப்ரியா போனைத் திறந்தாள். காலையில் போட்ட படத்தின் கீழே வழக்கமான கமெண்டுகள் வந்திருந்தன. ‘நம்பர் குடு.’ ‘எந்த ஊர்ல இருக்க?’ ‘ராத்திரி வரவா?’ நம்பர் கிடைக்காத ஒருவன் கெட்ட வார்த்தையில் நாலு வரி எழுதியிருந்தான்.

அதை மூடிவிட்டுக் கடையின் பேஜைத் தேடி எடுத்தாள். அதே மாம்பழ நிறப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்சவள்ளி சிரித்தாள். கீழே அவளுடைய நம்பர்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பேஜிலிருந்து இனி தன் பேரை யாரும் டேக் செய்ய முடியாதபடி பிளாக் செய்துவிட்டு, டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினாள்.