முதுகு காட்டும் பிள்ளை

திரைச்சீலையை இழுத்து மூடியும் வெளியே பனியில் பட்ட வெயில் ஓரங்களில் கசிகிறது. ஐந்து மாத வயிற்றில் ஜெல் சில்லென்று பரவியிருக்க, இங்வில்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் திரையையே பார்க்கிறாள். பிள்ளை முதுகைக் காட்டிக் கிடக்கிறது, இதயம் தெரியவில்லை. போன வாரமும் இதே கதைதான். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான உறக்கமில்லை. "கொஞ்சம் திரும்பேன், தங்கம்," என்று மருத்துவச்சி தூர்டிஸ் கருவியால் மெல்லத் தட்டுகிறாள். அசைவில்லை. "பிடிவாதம் அப்படியே உன்னை மாதிரி," என்கிறான், மீன்படகிலிருந்து நேரே ஓடிவந்த கணவன் ஐவின். "ஆமா, தூங்குமூஞ்சித்தனம் மட்டும் யாருதாம்?" என்று மடக்குகிறாள் இங்வில்ட். "நான் வேணா ஒரு பாட்டுப் பாடட்டுமா?" "ஐயோ, அப்புறம் அது காதையும் பொத்திக்கும்!" தூர்டிஸ் சிரித்துவிட, இங்வில்டுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. வயிறு குலுங்குகிறது, திரையில் எல்லாம் கலங்குகிறது. கலக்கம் தெளியும்போது பிள்ளை புரண்டு மல்லாந்திருக்கிறது. தூர்டிஸ் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து வெகுநேரம் பார்க்கிறாள். ஐவின் மனைவியின் காலுறையணிந்த பாதத்தை இறுகப் பற்றுகிறான். "இதயத்தோட நாலு அறையும் அழகா இருக்கும்மா," என்று தூர்டிஸ் பொத்தானை அழுத்த, குதிரைக்குட்டி ஓடுவதுபோல் அறையெங்கும் துடிப்புச் சத்தம். "பையனா பொண்ணான்னு சொல்லவா?" "அது கிடக்கட்டும்," என்கிறாள் இங்வில்ட், கண்ணைத் துடைக்காமலே. "இந்தச் சத்தத்தை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தாதீங்க."