நிற்கிற வண்டிக்கு எண்ணெய்

“எண்ணெய் எங்க ஊத்தணும்னே தெரியாத உனக்கு எதுக்கும்மா காரு?” என்று அண்ணி ஒருநாள் நாத்தனார் சின்னவளைக் கேட்டாள். அண்ணன் இறந்ததிலிருந்து அவருடைய கார் கொட்டகையில் சும்மாதான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அதை வாங்க ஒருவர் வருவதாக இருந்தது. சின்னவளுக்கோ அதைக் கொடுக்க மனமில்லை.

அவளே எஞ்சின் ஆயில் வாங்கி வந்தாள். முதலில் வைப்பர் தண்ணீர் மூடியைத் திறந்துவிட்டு, நல்லவேளையாக உடனே மூடிவிட்டாள். பிறகு அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி இறக்கிப் பார்த்தாள். எண்ணெய் கீழ்க்கோட்டில் நின்றது. புனல் வைத்து மேல்கோடு வரை ஊற்றினாள்.

மறுநாள் காலையில் எண்ணெய் மீண்டும் கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது. தரையில் ஒரு சொட்டுக் கறையில்லை. மறுபடி ஊற்றினாள். அடுத்த காலையும் அதே கதைதான். அவளுக்குப் பயம் வரவில்லை. ராத்திரியில் கார் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்றுதான் யோசித்தாள்.

ஞாயிறன்று வந்தவர் பானெட்டில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தார்.

“இப்பதான் எங்கயாவது போயிட்டு வந்தீங்களா? சுடுதே.”

“வெயிலா இருக்கும்,” என்றாள் அண்ணி. கொட்டகைக்குள் வெயில் ஏது?

“சரி, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க.”

“பேட்டரி இல்லைங்க. அதைக் கழட்டி வித்தே ஒரு வருஷமாச்சு,” என்றாள் சின்னவள்.

அவர் பானெட்டைத் தூக்கினார். பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில் சிலந்தி வலை பின்னியிருந்தது. எண்ணெய் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து மெல்ல ஆவி எழுந்தது. மூடியைத் திருகிவிட்டு, தூங்குகிறவர் மேல் போர்வையை இழுத்துவிடுவதுபோல பானெட்டைச் சத்தமில்லாமல் இறக்கினார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.