ஒடித்த கிளை

"மறுபடியும் ஒடிச்சிட்டுப் போயிருக்கா!"

ஷாத்லியா போட்ட சத்தத்தில் புருஷன் கமீஸின் காப்பி மடியில் சிந்தியது.

மதில் மேல் பழைய எண்ணெய் டின்களில் அவள் வளர்க்கும் ஜெரேனியம். நல்ல கிளைகளாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே, கத்தியால் நறுக்கியிருந்தது.

"இலைக்குத் திருடறவ இலையைத்தான் உருவுவா. இது கிளையாப் போகுது. செடி வளர்க்கத் தெரிஞ்ச கை."

"போனாப் போகுது, விடு."

"எப்படி விடறது? அடுத்த வாரம் செம்புப் பானையை ஏத்தி வடிக்கணும். இலை இல்லாட்டி ஒரு பாட்டில்கூட இறங்காது. நம்ம பிள்ளை ரம்ஸி அங்கே பாலெர்மோவுல வெறும் காப்பி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

ஜெரேனியத்தின் பூவில் மணம் கிடையாது. எல்லாம் இலையில்தான். இலையைக் கொதிக்கவிட்டு ஆவியில் வடித்த நீர் இரண்டு சொட்டு விழாவிட்டால் ரம்ஸிக்குக் காப்பி தொண்டையில் இறங்காது. கள்ளப்படகேறி இத்தாலி போய்ச் சேர்ந்ததும் போனில் அவன் முதலில் கேட்டது அதைத்தான். அவனுக்கென்று முற்றத்தில் தனியாக விட்டிருந்த பெரிய டின் மட்டும் திருட்டுக்குத் தப்பியிருந்தது.

கமீஸ் சிரித்தார். "உன் செடி மட்டும் யோக்கியமா வந்ததாக்கும். கல்யாணமாகி வந்த புதுசுல என் பெரியம்மா வீட்டு வாசல்ல ஒடிச்சு, போர்வைக்குள்ள மறைச்சுக் கொண்டாந்தியே."

"அது வேற. குடுத்த கிளை வேர் பிடிக்காது, திருடினாத்தான் பிடிக்கும். அதுக்காக ஒரு கிளை எடுக்காதவ இந்த ஊர்ல யாரு? இவ தினம் வர்றா. மதில் மேல முள்கம்பி போடுங்க."

"வாங்கிட்டு வரேன். என்னைக் குத்தாதே."

மதியத் தொழுகை முடிந்து தெரு உறங்கிய நேரம், ஷாத்லியா கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்றாள்.

வந்தது வஸீலா.

இவளா! ஒரு தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இருவரும். போன வருஷம் இருவர் மகன்களும் ஒரே படகில் போனார்கள். நடுக்கடலில் படகு கவிழ்ந்தது. ரம்ஸி ஒரு கப்பலைப் பிடித்து அக்கரை ஏறினான். வஸீலாவின் அனீஸ் ஏறவில்லை. அன்றோடு வஸீலா பேச்சை நிறுத்திவிட்டாள். எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என் பிள்ளை பிழைத்தது நான் செய்த குற்றமா என்று ஷாத்லியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேச்சு வேண்டாம், செடி மட்டும் வேண்டுமோ?

வஸீலா கிளைகளை ரொட்டித் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தாள். விற்கத்தான் போகிறாள். சந்தையில் நாலு பேர் முன்னால் பிடித்து நாறடிக்கிறேன் என்று ஷாத்லியா பின்னாலேயே நடந்தாள்.

சந்தை போயிற்று. மீன் ஏலக்கூடம் போயிற்று. வஸீலா நிற்கவில்லை. கடல் ஒதுக்கும் பிணங்களை ஊர் புதைக்கிற மணல்வெளியில் போய்த்தான் கூடையை இறக்கினாள்.

பெயரில்லாத மேடுகள். பலவற்றில் ஒவ்வொரு ஜெரேனியக் கிளை நட்டிருந்தது. சில வாடியிருந்தன. சில துளிர்த்திருந்தன.

"திருடி!" என்றாள் ஷாத்லியா. வாய் வரைக்கும் வந்திருந்தது, நிற்கவில்லை.

வஸீலா திரும்பவில்லை. "கத்து. இங்கே யாரும் முழிச்சுக்க மாட்டாங்க."

"அனீஸ்... இங்கேதான் இருக்கானா?"

"கடல் குடுத்ததுக்கெல்லாம் முகமா இருந்தது? எது அவன்னு தெரியல. அதனால எல்லாத்துக்கும் வைக்கிறேன்."

"வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்னடி? செடியோட பிடுங்கிக் குடுத்திருப்பேனே!"

"குடுப்பே." வஸீலா இப்போதுதான் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "நீ குடுத்தா வேர் பிடிக்குமா? தண்ணி இல்லாம, உப்புக் காத்துல, சொல்லு. பிடிக்குமா?"

ஷாத்லியாவின் பார்வை வாடிய கிளைகளுக்குப் போயிற்று.

"உன் பிள்ளைக்குக் காப்பியில ஊத்த வேணும். என் பிள்ளைக்குத் தலைமாட்டுல வேணும். போ, போய் ஊரைக் கூட்டு. திருடியைக் காட்டு."

அவள் குனிந்து மணலைக் கையால் தோண்ட ஆரம்பித்தாள்.

வீடு வந்த பிறகுதான், வழி நெடுக துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறோம் என்பது ஷாத்லியாவுக்குத் தெரிந்தது. அதை மூலையில் வீசினாள். கமீஸ் கேட்டதற்கெல்லாம் பாத்திரங்கள்தான் இரவு வரை சத்தம் போட்டன.

மறுநாள் மதியம், கமீஸ் வாங்கி வந்த முள்கம்பிச் சுருள் வாசலில் கிடந்தது. அவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஷாத்லியா முற்றத்தில் ரம்ஸிக்கென்று விட்டிருந்த பெரிய டின்னை அணைத்துப் பிடித்து, இழுத்து, மூச்சு வாங்க, தெருப்படிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அடுத்த சந்தில் வஸீலா வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எந்தத் திருட்டுக் கழுதையாவது என் செடியில கை வைக்கட்டும் பார்ப்போம்! ஒடிக்கிற கையை ஒடிச்சுப்புடுவேன்!"

உள்ளே வந்தாள். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள்.