காரோவின் மூன்றாவது குறை

காரோ இன்று உட்காரவில்லை.

வளைந்த பிளம் மரத்தடியில் மூன்று வாரமாகக் கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்து மல்லுக்கட்டிய நாய், இன்று வெத்ரானாவின் காலோடு ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்து வண்டிப்பாதைக்கு வந்துவிட்டது. கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். நிமிர்த்திவிட்டோம் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நாய்களைப் பழக்குவதுதான் அவள் தொழில். வாரத்துக்கு இரண்டு நாள் நகரத்திலிருந்து ஹசீபின் பிளம் தோட்டத்துக்கு வந்துபோகிறாள்.

காரோவுக்கு ஒன்பது வயது. ஆஸ்திரியாவுக்குப் பிழைக்கப்போன ஒருவர் கோடையில் ஹசீபிடம் விட்டுப்போனது. ஏதோ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாய் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

சாதுவான நாய். எதைப் போட்டாலும் தின்னும். தோட்டத்துக்குள் நுழைந்தால் மட்டும் அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிடும். இழுத்தால் நகராது. இழுத்து இழுத்து ஹசீபின் மனைவிக்குத் தோள்பட்டையே பிசகிவிட்டது. குடும்பமே அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வண்டிப்பாதையில் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது.

நாளைக்குச் சொந்தபந்தம் பதினோரு பேர் வருகிறார்கள். பிளம் உலுக்கி, பெரிய அண்டாவில் பாகு காய்ச்ச வேண்டும். அதற்குள் நாயைத் திருத்திக் கொடு என்பதுதான் ஹசீப் வைத்த கோரிக்கை.

வெத்ரானாவின் வழி எளிது. உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எழுந்தால் புகைபோட்ட இறைச்சித் துண்டு. கேட்க ஆளில்லாவிட்டால் நாய் அந்தப் பேச்சை நிறுத்திவிடும் என்பாள்.

கெட்ட பழக்கத்தை விட்ட நாய்க்கு ஒரு பந்து பரிசளிப்பது அவள் வழக்கம். கயிற்றை அவிழ்த்துவிட்டு, பையிலிருந்து சிவப்பு ரப்பர் பந்தை எடுத்தாள்.

காரோ பந்தைப் பார்த்தது. அதன் கிழட்டு உடம்பு ஒருதரம் நடுங்கியது.

திரும்பி ஓடியது. வளைந்த மரத்தடியில் உட்கார்ந்தது. மூக்கால் தரையைக் காட்டியது. பிறகு தலையைத் தூக்கிப் பந்தையே பார்த்தது, வேலையை முடித்துவிட்டுக் கூலிக்கு நிற்கிற ஆளைப்போல.

நாய் அப்படி உட்காருவதை வெத்ரானா முன்பே பார்த்திருக்கிறாள். மலைச்சரிவில், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளுக்கு அப்பால், தலைக்கவசம் போட்ட ஆட்களோடு கோடு பிடித்து நடக்கும் நாய்கள். போர்க்காலத்தில் புதைத்த கண்ணிவெடி வாசம் வந்தால் உட்காரும். உட்கார்ந்தால் பந்து கிடைக்கும்.



அப்படி இருக்கவே முடியாது. வெடி அகற்றிய நிலம் என்று எட்டு வருடத்துக்கு முன்னால் கொடுத்த தாளைக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார் ஹசீப்.

ஆனால் அந்தத் தாள் பழைய மண்ணுக்கு. மே மாத மழையில், இன்னும் வெடி அகற்றாத மேல்காடு சரிந்து வந்து தோட்டத்தில் இடுப்பளவு கொட்டியதே, அந்த மண்ணுக்கு யார் தாள் கொடுத்தார்கள்? வீட்டை ஒட்டியதை மட்டும் ஹசீப் வாரிக் கொட்டினார். மரங்களுக்கு நல்ல உரம் என்று மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தாள். காபித் தட்டோடு ஹசீப் வந்துகொண்டிருந்தார். நாயே வழி விட்டுவிட்டதே, இனி எதற்குச் சுற்று என்று புல்லுக்குள் நேராக இறங்கிவிட்டார்.

"பாத்தியா தங்கச்சி, கிழவன் திருந்திட்டான். அடுத்து உங்களத் திருத்தக் கொண்டுபோய் விடுறேன்னு எம்பொண்டாட்டி சொல்றா."

வெத்ரானா கையை நீட்டித் தடுத்தாள்.

"அண்ணே, கால எடுக்காதீங்க. இது மே மாசத்து மண்ணு."

அந்த ஊரில் அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. ஹசீபின் சிரிப்பு பாதியில் நின்றது. வளைந்த மரம் அவருக்கு மூன்று எட்டில் இருந்தது.

நில். வந்த தடத்திலேயே பின்னால் போ. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் முழங்கால் புல்லில் தடம் எங்கே தெரிகிறது?

காரோ எழுந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஹசீபிடம் போய் அவர் முழங்காலில் தோளைக் கொடுத்துத் தள்ளியது. அவர் வெத்ரானாவைப் பார்த்தார். அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. ஒரு எட்டு வைத்தார். நாய் நின்றது, மோந்தது, மறுபடி தள்ளியது. இன்னொரு எட்டு. மரத்தை விட்டு வளைந்து வளைந்து, பத்தடி தூரத்தை இருவரும் ஒரு யுகமாகக் கடந்தார்கள்.

வண்டிப்பாதைக்கு வந்ததும் ஹசீப் தட்டை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். வெத்ரானா பந்தைக் காரோவின் வாயில் வைத்தாள். பிறகு கண்ணிவெடிப் பிரிவுக்குப் போன் போட்டாள்.

முகவரி கேட்டார்கள். அவளுக்கு ஊர் பெயரே மறந்துபோயிருந்தது. முதல் நாள் எழுதிவைத்த நோட்டைத் திறந்தாள். முகவரிக்குக் கீழே, வாரம் ஒன்றாக அவள் எழுதிவந்த காரோவின் குறைகள் இருந்தன.

ஒன்று: காரணமில்லாமல் உட்காருகிறது.

இரண்டு: புல்லுக்குள் எறிந்த இறைச்சியை எடுக்கப் போவதில்லை.

மூன்று: மரத்தடியில் நம்மைத் தோளால் இடப்பக்கம் தள்ளுகிறது. அடுத்த வாரம் நிறுத்த வேண்டும்.